ஏபியூ2 ஆறு மாச ரிவ்யூ: நாலு கோர் இருந்தும் ஒரே கோர் சுமந்த கதை

வீட்டு ரவுட்டர் வேலைக்குன்னு செகண்ட் ஹேண்ட்ல ஏபியூ2-ன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி ஆறு மாசம் ஓட்டியாச்சு, ரெண்டு மூணு பேர் எப்படி இருக்குன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, அதனால இங்கயே மொத்தமா கொட்டிடறேன். அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், பெட்டி தங்கம். ஆனா யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு டயல் ஆகற கனெக்‌ஷன், அதாங்க பிபிபிஓஈ, அது உங்க வீட்ல இருந்து, பெட்டிய மாட்டிட்டு அப்படியே விட்டீங்கன்னா ப்ராசஸரோட நாலு கோர்ல ஒண்ணு நாக்கு தள்ளி கிடக்கும், மத்த மூணும் ஈ ஓட்டிட்டு இருக்கும். எனக்கு ஒரே ஒரு எழுத்து எழுதுனதுல டவுன்லோட் 300 எம்பிபிஎஸ் ஏறிச்சு. அது என்ன எழுத்துன்னு கீழ வருது.

பெட்டி பத்தி தெரியாதவங்களுக்கு: பிசி என்ஜின்ஸ்னு ஸ்விட்சர்லாந்து கம்பெனி பண்ணது. உள்ள ஏஎம்டி ஜிஎக்ஸ் 412 டிசி, நாலு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், அவ்ளோதான். என்கிட்ட இருக்கறது 4 ஜிபி ராம், இன்டெல் ஐ210 லேன் போர்ட் மூணு. ஃபேன் கிடையாது, சிப்போட சூட்ட ஒரு அலுமினிய பட்டை வழியா பெட்டியோட அடித்தகட்டுக்கு கடத்தி விட்ருக்காங்க. ஸ்க்ரீன் மாட்ட ஓட்டையே கிடையாது, சீரியல் கேபிள் போட்டு 115200-ல உக்காந்து பேசணும். 2023-ல இத நிறுத்தப் போறோம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால புதுசு தேடாதீங்க, பழசு தான் கிடைக்கும்.

வாங்கின அன்னிக்கு பவர்லயே ஒரு கூத்து. 12 வோல்ட் தானே, நம்ம ரவுட்டருக்கு போடற மினி யூபிஎஸ் இருக்கே, அதையே சொருகிடலாம்னு பாத்தா பின் உள்ள போகல. நம்ம ஊர்ல பெரும்பாலும் வர்றது 2.1 எம்எம், இதுக்கு 2.5 எம்எம் வேணும். ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கடைல கேட்டேன், அந்த அண்ணன் பாக்காமலே "ரெண்டரை பின்னா தம்பி"ன்னு ஒரு டப்பால கைய விட்டு கன்வர்ட்டர் எடுத்து குடுத்தாரு. அது போட்டதுக்கு அப்புறம் கரண்ட் போனாலும் நெட் போறதில்ல. பெட்டி மொத்தமே 6-லேர்ந்து 12 வாட்ஸ் தான் இழுக்கும், அதுக்கு மினி யூபிஎஸ் தாராளம்.

சரி, விஷயத்துக்கு வரேன். கனெக்‌ஷன் 1 ஜிபிபிஎஸ் ப்ளான். முதல்ல ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல ஓடற ஒரு ஃபயர்வால் போட்டேன், டவுன்லோட் சுமார் 400 எம்பிபிஎஸ் வந்துச்சு. சரி நமக்கு பழகின டெபியன் லினக்ஸே போடுவோம்னு அழிச்சிட்டு டெபியன் 12 போட்டேன், 610 வந்துச்சு. அப்லோட் மட்டும் 890. இங்கயே எனக்கு பொறி தட்டிருக்கணும், ஏன்னா கனெக்‌ஷன் தர்றவங்க பிரச்சனைன்னா பல தடவ ரெண்டும் சேந்து படுக்கும். அப்லோட் பறக்குது டவுன்லோட் நொண்டுதுன்னா நம்ம பெட்டியையும் சந்தேகப்படணும். ஆனா அன்னிக்கு எனக்கு இந்த புத்தி வரல, கஸ்டமர் கேர்ல ஒரு மணி நேரம் அந்த பொண்ணு கிட்ட வாக்குவாதம் பண்ணேன். "சார் உங்க சைடு டிவைஸ் செக் பண்ணுங்க சார்"னு அவங்க சொன்னது தான் உண்மை. மன்னிச்சிரும்மா.

ஸ்பீட் டெஸ்ட் ஓடறப்ப டாப் கமாண்ட் போட்டு 1 அழுத்துனா ஒவ்வொரு கோரும் தனித்தனியா தெரியும். அதுல எஸ்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், நிறைய பேர் கண்டுக்கவே மாட்டாங்க. சாஃப்ட் ஐஆர்க்யூ, பாக்கெட் வந்த பிறகு அத வச்சு செய்யற வேலை, விவரம் கீழ வருது. கோர் 0-ல அது 99, கோர் 1-ல 4, மத்தது ரெண்டும் சும்மா. கீழ லிஸ்ட்ல கேசாஃப்ட்ஐஆர்க்யூடி ஸ்லாஷ் 0-ன்னு ஒரு கர்னல் த்ரெட் (கர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி) உச்சில உக்காந்து இருக்கு. இந்த நேரத்துல டோட்டல் சிபியூ எவ்ளோன்னு பாத்தா 26 சதவீதம்! மானிட்டரிங் க்ராஃப் மட்டும் பாக்கறவன் "பெட்டி ஜாலியா இருக்குப்பா"ன்னு தான் சொல்லுவான். நாலு கோர் மெஷின்ல 25 சதவீதம்னு நின்னா உடனே சந்தேகப்படுங்க, அது பெரும்பாலும் ஒருத்தன் 100-ல சாகறான்னு அர்த்தம்.

இது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா இன்டரப்ட்னா என்னன்னு கொஞ்சம் பாக்கணும், தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாண்டிக்கோங்க. லேன் கார்டுக்கு பாக்கெட் வந்துச்சுன்னா அது ப்ராசஸரோட தோள தட்டி "வந்திருக்கு பாரு"ன்னு சொல்லணும், அந்த தட்டல் தான் இன்டரப்ட். அந்தக் கால ஐபிஎம் பிசில 8259-ன்னு ஒரு சிப் தான் இந்த தட்டல வாங்கி கடத்தும், எட்டு லைன். 1984-ல வந்த ஐபிஎம் ஏடி மாடல்ல ரெண்டு சிப்ப கோத்து 15 ஆக்குனாங்க. அப்போ ப்ராசஸரே ஒண்ணு தான், யார தட்டறதுங்கற கேள்வியே இல்ல. ரெண்டாவது ப்ராசஸர் வந்த உடனே தான் சிக்கல், எவன தட்டறது? அதுக்காக இன்டெல்காரங்க ஏபிக்னு கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு கோருக்குள்ளயும் ஒரு லோக்கல் ஏபிக், வெளில போர்டுல ஒரு ஐஓ ஏபிக், எந்த லைன் அடிச்சா எந்த கோருக்கு போகணும்னு அதுல ஒரு டேபிள். இப்போ அந்த தனி வயரும் போச்சு, எம்எஸ்ஐ எக்ஸ்னு ஒண்ணு, கார்டு ஒரு குறிப்பிட்ட மெமரி அட்ரஸ்ல எழுதும், அந்த எழுத்தே இன்டரப்ட். எந்த அட்ரஸ்ல எழுதுதோ அத வச்சு எந்த கோருக்கு போகுதுன்னு முடிவாயிடும். ஒரு டிவைஸே 2048 வரைக்கும் தனித்தனி இன்டரப்ட் வச்சுக்கலாம்.

எல்லா போர்டுக்கும் இந்த வசதி கிடையாது, அதையும் சொல்லிடறேன். ராஸ்பெர்ரி பை 3-ல நாலு கோர் இருந்தாலும் வெளி டிவைஸ் இன்டரப்ட் எல்லாம் மொத்தமா ஒரே கோருக்கு தான் போகும், அந்த சிப்போட அமைப்பு அப்படி. பை 4-ல ஜிக்னு ஏஆர்எம்மோட முறையான கன்ட்ரோலர் வந்த பிறகு தான் பிரிச்சு விட முடிஞ்சுது. அதனால நாலு கோர்னு போட்டிருந்தா மட்டும் போதாது, தட்டல் எப்படி வருதுன்னும் பாக்கணும்.

இந்த விஷயத்துல ஐ210-க்கு ஃபுல் மார்க். ஒவ்வொரு போர்ட்டுக்கும் வர்ற பாக்கெட்டுக்கு நாலு க்யூ, போற பாக்கெட்டுக்கு நாலு க்யூ, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி இன்டரப்ட். ப்ராக்ங்கற ஃபோல்டர் கீழ இன்டரப்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, அத திறந்து பாத்தா போர்ட் பேர் போட்டு டிஎக்ஸ்ஆர்எக்ஸ் 0, 1, 2, 3-ன்னு வரிசையா நிக்கும், பக்கத்துல நாலு நெடுவரிசை, எந்த கோர் எத்தன தடவ தட்டல் வாங்கிச்சுன்னு. பாத்தா கர்னலே நாலையும் நாலு கோருக்கு அழகா பரப்பி வச்சிருக்கு. நான் எதுவும் பண்ணல. அப்புறம் ஏன் கோர் 0 மட்டும் சாகுது? நம்பர உத்து பாத்தேன். இன்டர்நெட் வர்ற வெளி போர்ட்டோட 0-ஆவது க்யூல எண்ணிக்கை பறக்குது, 1, 2, 3 எல்லாம் செத்த பாம்பு மாதிரி கிடக்கு. ஈத்டூல்னு லேன் கார்ட பாக்கற கமாண்ட்ல க்யூ வாரியா பாக்கெட் கணக்கு வரும், அதுலயும் அதே கதை. வீட்டுப் பக்க போர்ட்ல மட்டும் நாலும் சமமா ஏறுது.

இத எப்படி விளக்கறதுன்னு யோசிச்சேன், கல்யாண வீட்டு மொய் தான் சரி. பெரிய கல்யாணம், மொய் எழுத நாலு நோட்டு, நாலு பேர். வாசல்ல ஒருத்தர நிக்க வச்சிருக்காங்க, வர்ற கவர் மேல எழுதிருக்கற ஊர் பேர பாத்து "நீங்க ரெண்டாவது நோட்டு, நீங்க நாலாவது நோட்டு"ன்னு அனுப்பறதுக்கு. ஒரு ஊர்க்காரங்க எல்லாம் ஒரே நோட்டுல தான் வரணும், அப்போ தான் வரிசை குழம்பாது. லேன் கார்டுக்குள்ள இருக்கற ஆர்எஸ்எஸ், அதாவது ரிசீவ் சைட் ஸ்கேலிங், அது தான் இந்த வாசல்காரர். பாக்கெட்டோட ரெண்டு பக்க ஐபி அட்ரஸ், போர்ட் நம்பர் இதெல்லாம் வச்சு ஹேஷ்னு ஒரு கணக்கு போட்டு எந்த க்யூன்னு முடிவு பண்ணும். ஒரே கனெக்‌ஷனோட பாக்கெட் எல்லாம் ஒரே க்யூக்கு போகும், ஏன்னா வரிசை மாறுனா டேட்டாவ வரிசையா கொண்டு சேக்கற டிசிபி கடுப்பாயிடும், பாக்கெட் தொலஞ்சு போச்சுன்னு நினைச்சு ஸ்பீட கொறச்சிடும். அதனால தான் கிடைக்கற கோருக்கு கிடைக்கற பாக்கெட்ன்னு இஷ்டத்துக்கு அள்ளி வீச முடியாது.

இப்போ பிபிபிஓஈ என்ன பண்ணுதுன்னா, மொய் கவர இன்னொரு பெரிய கவருக்குள்ள போட்டு ஒட்டிடுது. வெளி கவர்ல ஊரும் இல்ல பேரும் இல்ல. ஐ210-ல இருக்கற வாசல்காரருக்கு கவர பிரிக்க தெரியாது. தெரியாத கவர் எல்லாம் முதல் நோட்டு, அவ்ளோதான் அவர் ரூல். ஊரே முதல் நோட்டு முன்னாடி க்யூல நிக்குது, மத்த மூணு பேரும் பேனாவ காதுல சொருகிட்டு பந்திக்கு எப்போ கூப்பிடுவாங்கன்னு பாத்துட்டு இருக்காங்க. அப்லோட் ஏன் நல்லா இருந்துச்சுன்னும் இப்போ புரியுதா, வீட்டுக்குள்ளேர்ந்து வர்ற பாக்கெட் இன்னும் பெரிய கவருக்குள்ள போகல, ஊர் பேர் மேலயே இருக்கு, வீட்டுப் பக்க போர்ட் நாலு க்யூவுக்கும் பிரிச்சு அனுப்பிடுது.

அது மட்டும் இல்ல. இன்டரப்ட் எந்த கோர்ல வருதோ மிச்ச வேலையும் அந்த கோர் தலைலயே தான் விழும், லினக்ஸோட ஏற்பாடு அப்படி. இன்டரப்ட் வந்த உடனே செய்யற வேலை ரொம்ப சின்னது, "சரி கேட்டுச்சு, இனிமே தட்டாத, நானே வந்து எடுத்துக்கறேன்"னு கார்டு கிட்ட சொல்லிட்டு சாஃப்ட் ஐஆர்க்யூக்கு ஒரு சீட்டு போட்டு வச்சிட்டு கிளம்பிடும். அதுக்கு அப்புறம் அந்த சாஃப்ட் ஐஆர்க்யூ தான் ஒரு சுத்துக்கு 64 பாக்கெட்டா அள்ளும், மொத்தம் 300 ஆச்சுன்னா மூச்சு விட நிறுத்தும். இதுக்கு பேர் நாப்பி. இது இல்லன்னா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு தட்டல், முழு சைஸ் பாக்கெட்டா வந்தாலே 1 ஜிபிபிஎஸ்ல செகண்டுக்கு 81,000 தட்டல், தட்டல் வாங்கியே பொழுது போயிடும். ரெண்டு மில்லி செகண்டுக்கு மேலயும் வேலை தீரலன்னா பாக்கிய கேசாஃப்ட்ஐஆர்க்யூடி கிட்ட தள்ளிடும், அதான் டாப்ல உச்சில உக்காந்து இருந்தது. விண்டோஸ்லயும் இதே மாதிரி ரெண்டு தட்டு தான், ஐஎஸ்ஆர், டிபிசின்னு பேர் வேற. பாட்டு கேக்கறப்ப கரகரன்னு விட்டு விட்டு வருதுன்னு புலம்பறவங்க பல பேருக்கு அங்க ஏதோ ஒரு ட்ரைவரோட டிபிசி ஒரு கோர பிடிச்சு வச்சிருக்கும்.

கணக்கு போட்டு பாருங்க. 81,000 பாக்கெட்னா ஒரு பாக்கெட்டுக்கு 12 மைக்ரோ செகண்ட் தான் டைம், 1 கிகாஹெர்ட்ஸ்ல அது சுமார் 12,000 க்ளாக். அந்த 12,000-க்குள்ள பெரிய கவர பிரிக்கணும், வீட்டு அட்ரஸையும் வெளி அட்ரஸையும் இணைக்கற நாட் டேபிள்ல தேடணும், அட்ரஸ் மாத்தணும், ஃபயர்வால் ரூல் எல்லாம் தாண்டணும், அடுத்த போர்ட் க்யூல போடணும், போதாததுக்கு "வந்து சேந்துச்சு"ன்னு திரும்பி போற அக்னாலெட்ஜ்மென்ட்ல ஒரு பங்கும் இதே கோர் தலைல. இந்த சின்ன கோர் ஒண்ணால முடியல, அவ்ளோதான். பெட்டி மேலயும் தப்பு இல்ல, கனெக்‌ஷன் மேலயும் தப்பு இல்ல.

இங்க தான் என் நண்பன் உள்ள வந்தான். "மச்சான், ஐஆர்க்யூபேலன்ஸ் போடுடா, எல்லாத்தையும் அதுவே பிரிச்சிரும்"னான். சரி போட்டேன். அதோட ரிவ்யூவும் இங்கயே சேத்துக்கோங்க. இது பின்னாடி ஓடற ஒரு சின்ன டேமன், பத்து செகண்டுக்கு ஒரு தடவ எழுந்து எந்த இன்டரப்ட் எவ்ளோ வேலை தருதுன்னு கணக்கு பாத்து கோருக்கு கோர் மாத்தி வைக்கும், எந்தெந்த கோர் கேஷ் மெமரிய பங்கு போட்டுக்குது, எது எந்த ப்ராசஸர் சாக்கெட்ல இருக்குன்னு எல்லாம் பாத்து தான் வைக்கும், சும்மா சொல்லக்கூடாது நல்ல மூளை. அது பண்ணது என்ன? பிசியா இருந்த அந்த ஒரு இன்டரப்டுக்கு ஒரு கோர தனியா ஒதுக்கிட்டு, டிஸ்க், சீரியல், வீட்டுப் பக்க போர்ட் எல்லாத்தையும் வேற கோருக்கு நகத்திடுச்சு. டவுன்லோட் 610-லேர்ந்து 625. அதுக்கு மேல அதால முடியாது, ஏன்னா அதுக்கு மூட்டைய தோள் மாத்த தான் தெரியும், ஒரு மூட்டைய பிரிச்சு நாலா கட்ட தெரியாது. ஒரே இன்டரப்ட், அது ஒரே நேரத்துல ஒரு கோருக்கு தான் போகும்.

இது ஐஆர்க்யூபேலன்ஸ மட்டம் தட்டறதுக்காக சொல்லல. ரெண்டு சாக்கெட் இருக்கற பழைய சர்வர்ல இது நிறைய உதவிருக்கு. ஆனா இப்போ கர்னலே இன்டரப்ட பரப்பி வைக்குது, என்விஎம்இ டிஸ்க் எல்லாம் கோருக்கு ஒரு க்யூன்னு கர்னலே கட்டி வச்சிடுது, அத நம்ம மாத்த போனா இன்புட் அவுட்புட் எரர்னு மூஞ்சில அடிக்கும். உபுண்டு 24.04-லேர்ந்து இத தானா இன்ஸ்டால் பண்றத நிறுத்திட்டாங்க, நியாயம் தான். என் பெட்டில எடுத்துட்டேன். ரெண்டு ஸ்டார்.

தீர்வு ஆர்பிஎஸ்ல, அதாவது ரிசீவ் பாக்கெட் ஸ்டியரிங்ல இருந்துச்சு. 2010-லயே லினக்ஸ் 2.6.35-ல வந்தது. மொய் கதைல சொல்லணும்னா, வாசல்காரர விட்ருங்க, முதல் நோட்டுக்காரரே இனிமே எழுத மாட்டாரு, கவர பிரிச்சு ஊர் பேர பாத்து மத்த மூணு பேருக்கு நகத்தி விடுவாரு. கர்னலுக்கு பிபிபிஓஈ கவர பிரிக்க தெரியும், உள்ள இருக்கற ஐபி அட்ரஸ் வரைக்கும் போய் ஹேஷ் போடும். அதுக்கு நம்ம பண்ண வேண்டியது, சிஸ்ங்கற ஃபோல்டர் கீழ க்ளாஸ், அதுக்குள்ள நெட், வெளி போர்ட்டோட பேர், க்யூஸ், ஆர்எக்ஸ் 0, அதுக்குள்ள ஆர்பிஎஸ் சிபியூஸ்னு ஒரு ஃபைல், அதுல எந்தெந்த கோர்னு எழுதணும். கோர் 0-க்கு 1, கோர் 1-க்கு 2, கோர் 2-க்கு 4, கோர் 3-க்கு 8, வேணுங்கறத கூட்டிக்கணும்.

முதல் தடவ நான் பண்ண கூத்து சொல்றேன். நாலும் வேணும், 1 + 2 + 4 + 8 = 15, சரின்னு 15-ன்னு எழுதி என்டர் தட்டினேன். ஸ்பீட் கொஞ்சம் ஏறிச்சு ஆனா கோர் 0-வும் கோர் 2-வும் மட்டும் தான் வேலை செய்யுது, 1-உம் 3-உம் தூக்கம். ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் மண்டைய பிச்சுக்கிட்டேன், கர்னல் பக்குன்னு நினைச்சு வெர்ஷன் எல்லாம் மாத்தி பாத்தேன். அந்த ஃபைல் ஹெக்ஸ்ல, அதாவது 10-லேர்ந்து 15 வரைக்கும் ஏ-லேர்ந்து எஃப்னு எழுதற 16-ஆம் அடிமான எண்ல படிக்கும்னு தெரிஞ்சும் மறந்துட்டேன். ஹெக்ஸ்ல 15-னா 21, அத பிரிச்சா 16 + 4 + 1, அதாவது கோர் 4, 2, 0. கோர் 4 நம்மகிட்ட இல்லவே இல்ல. நாலும் வேணும்னா எஃப்னு எழுதணும்.

கடைசில நான் வச்சது எஃப் இல்ல. கோர் 0 ஏற்கனவே இன்டரப்ட் வாங்கறது, கார்டுலேர்ந்து அள்ளறது, பிரிச்சு அனுப்பறதுன்னு நிறைய பண்ணுது, அத விட்டுட்டு மத்த மூணுக்கும் குடுத்தா 2 + 4 + 8 = 14, ஹெக்ஸ்ல ஈ. ஈ ஓட்டிட்டு இருந்த மூணு பேரையும் எழுப்பி விட்டது அந்த ஈ தான். ஸ்பீட் டெஸ்ட் தட்டினேன், 905. இன்னொரு தடவ, 912. கோர் 0 அறுபது சதவீதத்துல, மத்த மூணும் 45-லேர்ந்து 50. பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்த அப்பா எழுந்து வந்து "என்னப்பா இந்நேரத்துல கைய தட்டிட்டு இருக்க"ன்னு கேட்டாரு. என்னத்த சொல்ல.

ஒரு உஷார், 0-ஆவது க்யூவோட இன்டரப்ட் உங்க பெட்டில வேற கோர்ல போய் விழுந்திருக்கலாம், அப்போ ஈ எழுதுனா சரி வராது. முதல்ல இன்டரப்ட்ஸ் ஃபைல பாத்து எந்த கோர்னு கண்டுபிடிங்க, அந்த கோர மட்டும் விட்டுட்டு மிச்சத்த கூட்டுங்க. இன்னொண்ணு, ரீபூட் ஆனா எழுதுனது போயிடும், பூட் ஆகறப்ப தானா எழுதற மாதிரி சிஸ்டம்டி யூனிட்டோ யூடெவ் ரூலோ ஒண்ணு போட்டு வைங்க. நான் போர்ட் மேல எழுதுனதால லைன் கட்டாகி திரும்ப டயல் ஆனாலும் மாறல, அது நிம்மதி. ஓபன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் சிஸ்டம் போடறவங்களுக்கு இந்த கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம், நெட்வொர்க் செட்டிங்ல பாக்கெட் ஸ்டியரிங்னு இருக்கு, அத ஆன் பண்ணா இதையே அது பண்ணும். ஃப்ரீபிஎஸ்டி பக்கம் இருக்கறவங்க நெட் ஐஎஸ்ஆர் டிஸ்பாட்ச டிஃபர்டுன்னு மாத்தி பாருங்க, அவங்க ஊர்ல அதான் இதுக்கு பேர்.

சும்மா கிடைக்கலங்கறதையும் சொல்லணும். கோர் 0 இன்னொரு கோருக்கு பாக்கெட்ட குடுத்துட்டு அத எழுப்ப ஒரு தட்டல் அனுப்பணும், கோருக்கு கோர் தட்டல், ஐபிஐன்னு சொல்றாங்க. இன்டரப்ட்ஸ் ஃபைல்ல கீழ போனா சிஏஎல்னு ஒரு வரி இருக்கும், ஆர்பிஎஸ் போட்டதுக்கு அப்புறம் அது கன்னாபின்னான்னு ஏறுது. பாக்கெட்டோட டேட்டாவும் ஒரு கோர் கேஷ்லேர்ந்து இன்னொரு கோருக்கு நகரணும். இந்த சிப்புல அது பெரிசா வலிக்கல, ஏன்னா நாலு கோரும் ஒரே 2 எம்பி எல்2 கேஷ தான் பங்கு போட்டுக்குது, கவர மேசைய தாண்டி நீட்டற தூரம் தான். ரெண்டு சாக்கெட் சர்வர்ல இத அப்படியே போட்டீங்கன்னா பக்கத்து மண்டபத்துக்கு ஆள் அனுப்பி மொய் எழுதற மாதிரி ஆயிடும், அங்க எந்தெந்த கோர்ங்கற அந்த நம்பர யோசிச்சு தான் போடணும்.

ஒரே ஒரு பெரிய ஃபைல ஒரே கனெக்‌ஷன்ல இழுத்தா 912 வராது. எனக்கு 700 சொச்சம் தான் வருது. ஒரே ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே நோட்டுக்கு தான் போகணும் இல்லையா, அப்போ கோர் 0 பாதி வேலை, இன்னொரு கோர் பாதி வேலை, மிச்சம் ரெண்டும் பழைய மாதிரி சும்மா. வீட்ல நாலு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பாத்துட்டு இருக்கறப்ப இது தெரியவே தெரியாது, ஐஎஸ்ஓ இறக்கறப்ப மட்டும் நான் கவனிச்சேன்.

கேக்னு ஒரு க்யூ மேனேஜர் இருக்கே, கேம் ஆடறவங்க விரும்பி போடறது, அத இந்த பெட்டில 1 ஜிபிபிஎஸ்க்கு போடாதீங்க, அது எல்லாத்தையும் மறுபடி ஒரே வரிசைல நிக்க வச்சிடுது, நாம கஷ்டப்பட்டு பிரிச்சதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். எஃப்க்யூ கோடல்ங்கற இன்னொரு க்யூ மேனேஜர் போதும். வயர்கார்ட்ங்கற விபிஎன் நேர் மாறா அருமை, அது என்க்ரிப்ட் பண்ற வேலைய தானாவே எல்லா கோருக்கும் பிரிச்சு குடுத்துக்குது, ஆபீஸ் விபிஎன்னுக்கு எந்த குறையும் இல்ல.

சூடு பத்தி கேட்டாங்க. சென்னை மே மாசம், ஏசி இல்லாத ஹால், டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி, தொட்டா கை சுடும் ஆனா ஒரு தடவ கூட ஹேங் ஆகல. ஃபேன் இல்லாததால தூசி தொல்லை இல்ல, சத்தமும் இல்ல. முன்னாடி இருக்கற மூணு எல்இடிய என்ன வேணா பண்ண வைக்கலாம், நான் ஒண்ண நெட் இருக்கா இல்லையான்னு காட்ட வச்சிருக்கேன், அம்மாவுக்கு அதான் இந்த பெட்டிலயே பிடிச்ச விஷயம். பெட்டிய பூட் பண்ற கோர்பூட் ஃபர்ம்வேர பின்னாடி வந்த வெர்ஷனுக்கு ஏத்துனா கோர் 1.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பூஸ்ட் ஆகும், செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க முதல் நாளே அத பாத்துக்கோங்க. எனக்கு வித்தவர் பழைய ஃபர்ம்வேரோட தான் குடுத்தாரு, மேல சொன்ன நம்பர் எல்லாம் ஏத்துனதுக்கு அப்புறம் எடுத்தது தான்.

இப்போ இத வாங்கலாமா, இல்ல இன்டெல் என்100 சிப் போட்டு வர்ற சின்ன பெட்டி வாங்கலாமான்னா, புது காசு குடுத்து வாங்கறதா இருந்தா என்100 தான். அதுல ஒரு கோரே இதோட ஒரு கோர விட பல மடங்கு வேகம், பிபிபிஓஈ எல்லாத்தையும் ஒரே கோர்ல தள்ளுனாலும் 1 ஜிபிபிஎஸ் அசால்ட்டா போகும், இந்த பதிவே உங்களுக்கு தேவைப்படாது. ஆனா அங்கயும் 2.5 ஜிபிபிஎஸ் ப்ளான் எடுத்து ஃபயர்வால்ல இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் ஏத்துனீங்கன்னா இதே கதை தான் மறுபடி, அந்த பெட்டிகள்ல வழக்கமா வர்ற ஐ226 லேன் கார்டுக்கும் நாலு க்யூ தான், அதுக்கும் இந்த கவர பிரிக்க தெரியாது. ஏழாயிரத்துக்குள்ள நல்ல கண்டிஷன்ல ஏபியூ2 கிடைச்சா, 500 எம்பிபிஎஸ்க்குள்ள ப்ளான்னா கண்ண மூடிட்டு வாங்குங்க, லினக்ஸ் போட்டீங்கன்னா ஒண்ணும் மாத்த வேண்டாம். 1 ஜிபிபிஎஸ்னா வாங்குங்க, ஆனா டயல் ஆகற கனெக்‌ஷனா இல்ல நேரா ஐபி வர்ற கனெக்‌ஷனான்னு முதல்ல கேட்டுக்கோங்க. நேரா ஐபின்னா வாசல்காரரே வேலைய பாத்துக்குவாரு. நண்பன் வீட்ல அப்படித்தான், அதே ஏபியூ2, எதையும் தொடல, 930 வருது, அந்த கடுப்பு எனக்கு இன்னும் இருக்கு.

பெட்டிக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் அந்த 2.5 எம்எம் பின்னுக்கு கழிச்சது.